அரசுப் பள்ளியில் கலைச் செயல்திட்டம்: ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, டெல்டா ஆசிரியர்களுக்கு

ஓவியம், கைத்தொழில் நடத்தப் புதிதாக வரும் பகுதிநேர ஆசிரியருக்கும், ஓவிய ஆசிரியர் பணியிடமே இல்லாத தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் தாமே நடத்தும் டீச்சருக்கும் இந்தக் கட்டுரை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கைக்கெட்டும் பொருள்களை வைத்தே எல்லா வேலைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. கடையில் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்.

திட்டமிடும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. களிமண் ஒன்றாம் வகுப்பிலும் வரலாம், எட்டாம் வகுப்பிலும் வரலாம். வகுப்பு ஏற ஏறப் பிள்ளை தானாக எடுக்கும் முடிவுகள் கூட வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை "மீனா, ஆமையா" என்று முடிவு செய்தால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை எடை எவ்வளவு, எங்கே வைப்பது, காய எத்தனை நாள் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்து முப்பது வேலையும் ஒரே மாதிரி இருந்தால், அதைச் செய்தது ஆசிரியர்தான். தெர்மாகோலில் வெட்டித் தந்து பெயின்ட் மட்டும் அடிக்கச் சொல்வது, கடையில் விற்கும் அச்சுப் படத்தை வாங்கி ஒட்டச் சொல்வது இரண்டையும் இந்தக் காரணத்தாலேயே விட்டுவிடுங்கள்.

முதலில் பருவம் பாருங்கள்

டெல்டாவில் கலை வேலைக்கு எதிரி ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மண் காயாது, பசை பூஞ்சை பிடிக்கும், சுவரில் பெயின்ட் நிற்காது. ஆகவே ஈர வேலைகளை எல்லாம் ஜூன் கடைசி முதல் செப்டம்பருக்குள் முடியுங்கள். மழை மாதங்களில் வரைதல், கிழித்து ஒட்டுதல், நூல் வேலை வையுங்கள். சுவர் வேலைக்கு ஜனவரி கடைசி, பிப்ரவரி.

மண் எடுப்பதற்கு மட்டும் மே மாதமே ஏற்பாடு செய்ய வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. கல்லணை திறந்து, வாய்க்கால் வழியே தண்ணீர் குளத்துக்கு வந்துவிட்டால் குளத்து மண் கிடைக்காது. தலைமையாசிரியர் மூலம் ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வற்றிய குளத்தின் நடுப்பகுதியில் எடுங்கள். கரையோரம் கண்ணாடித் துண்டும் முள்ளும் கிடக்கும். சாக்கடை வந்து சேரும் இடம் வேண்டாம். உரம், மருந்து அடித்த வயல் மண்ணும் பிள்ளைகள் கைக்கு வேண்டாம்.

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால் பொருள் கொடுக்க 8 நிமிடம், கை கழுவ 10 நிமிடம் போய்விடும். மீதி 22 நிமிடத்தில் முடிகிற அளவுக்குத்தான் ஒரு நாள் வேலையை வெட்ட வேண்டும். முடிந்தால் தலைமையாசிரியரிடம் பேசி வாரத்தில் இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பதப்படுத்துதல்

முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 கிராம் வீதம் 6 கிலோ ஈர மண் வேண்டும். சேதாரம் சேர்த்து 8 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணாக 6 கிலோ எடுத்தால் அந்த அளவு வந்துவிடும்.

மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டியை உடைத்து, பிறகே தண்ணீரில் போடுங்கள். முற்றிலும் காய்ந்த கட்டி தண்ணீரில் தானே கரையும். அரை ஈரமாக இருப்பது நாள் கணக்கில் ஊறினாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். இரண்டு நாள் ஊறியதும் கலக்கி, கொசுவலைத் துணியில் வடிகட்டுங்கள். நத்தை ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சூளையில் சுட்டால் அது சுண்ணாம்பாகி, பிறகு ஈரத்தை இழுத்துப் பருத்து, பொம்மையின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். வடித்த குழம்பை ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, பழைய வேட்டித் துணியில் கொட்டி நிழலில் பரப்புங்கள். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்ததும் பிசைந்து, ஈரத் துணி சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் மூடி வையுங்கள். வாரக்கணக்கில் கெடாது.

பதம் பார்க்க, பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். விரிசல் விட்டால் மணல் அதிகம், அல்லது ஈரம் குறைவு. விரலில் அப்பிக்கொண்டு பளபளத்தால் களி அதிகம். நம் பக்கத்துக் கருங்களி பெரும்பாலும் இரண்டாவது வகை. நான்கு பங்கு களிக்கு ஒரு பங்கு சலித்த ஆற்று மணல் சேர்த்தால் சரியாகும். கனமான பொருள் செய்வதாக இருந்தால் ஒரு பிடி உமியும் சேர்க்கலாம்.

ஒன்று, இரண்டாம் வகுப்பு

கத்தரிக்கோல் வேண்டாம், பிரஷ் வேண்டாம். விரல் மட்டும். மண்ணில் மூன்று அடிப்படை வடிவங்கள்: உருண்டை, பாம்பு, தட்டு. வாரத்துக்கு ஒன்று. நான்காம் வாரம் மூன்றையும் வைத்து அவர்களுக்குப் பிடித்ததைச் செய்யட்டும்.

இந்த வயதில் நடக்கும் தவறு எல்லாம் பெரும்பாலும் தண்ணீரால்தான். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பிள்ளை தொட்டுத் தொட்டுத் தடவும். பத்து நிமிடத்தில் பொம்மை சேறாகிவிடும். கிண்ணத்துக்குப் பதில் நான்கு பேருக்கு ஓர் ஈரத் துணி கொடுங்கள். அடுத்தது ஒட்டுதல். உடலில் தனியாக ஒட்டிய காதும் வாலும் காய்ந்ததும் உதிரும், பிள்ளை அழும். ஒரே உருண்டையிலிருந்து காதைக் கிள்ளி இழுக்கக் கற்றுக்கொடுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண் குழம்பு தடவி, அழுத்திப் பிடிக்க வேண்டும். இது இரண்டாம் வகுப்புக் கைக்கு வரும்.

எந்த இடத்திலும் பிள்ளையின் கட்டைவிரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் வைக்காதீர்கள். மேல்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும். நிழலில், செய்தித்தாள் மேல், தினம் ஒருமுறை திருப்பி வைத்தால் ஜூலையில் ஐந்தாறு நாளில் காயும். சுடாமலே காவியும் சுண்ணாம்பும் பூசி வைத்துக்கொள்ளலாம். ஊரில் மண்பாண்டம் செய்யும் வேளாரின் சூளை இருந்து, அவர் ஒப்புக்கொண்டால் சுடக் கொடுங்கள். அப்படிக் கொடுப்பதற்கு முன் பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அது சூளையில் வெடித்து, பக்கத்தில் இருக்கும் அவருடைய பானையையும் கெடுக்கும்.

மண் இல்லாத வாரங்களில் காகிதம் கிழித்து ஒட்டலாம். பசைக்கு ஒரு டம்ளர் மைதா, ஐந்து டம்ளர் தண்ணீர். மாவை முதலில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீர் கொதிக்கும்போது ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் வந்தால் இறக்கலாம். இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் உண்டு. அது விஷம். பள்ளியில் எந்த வகுப்புக்கும் அது கூடாது.

மூன்றாம் வகுப்பு: கோலத்துக்கு நூல்

சிக்குக் கோலத்தில் விதி மூன்று. கோடு எல்லாப் புள்ளியையும் சுற்ற வேண்டும். எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது. எங்கும் அறுந்து நிற்கக் கூடாது. இதைத் தாளில் பென்சிலால் தொடங்கினால் பிள்ளைகள் புள்ளி மேலேயே கோடு இழுப்பார்கள். அதனால் மண் தட்டில் தொடங்குங்கள். ஒரு சாண் அகலத் தட்டில் 2 செ.மீ. இடைவெளியில் புளியங்கொட்டைகளை மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று பதியுங்கள். 1 மீட்டர் கம்பளி நூலைக் கொட்டைகளுக்கு இடையே சாய்வாக விட்டு, ஓரத்தில் வளைத்துத் திருப்பிக்கொண்டே போனால், பன்னிரண்டு கொட்டையையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். தட்டு ஈரமாக இருக்கும்போதே நூலை லேசாக அழுத்தினால் நகராது.

அடுத்த வாரம் நான்குக்கு நான்கு வையுங்கள். ஒரு நூல் முடிந்தும் கொட்டைகள் மீதி இருக்கும். நான்கு நூல் வேண்டும். மூன்றாம் வகுப்பில் இதற்கு விளக்கம் வேண்டாம், எண்ணிக்கையைக் குறித்து வைக்கட்டும். இதே பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி படிக்கும்போது தட்டை மறுபடி எடுங்கள். இப்படி எல்லா இடைவெளியிலும் குறுக்கே வெட்டிப் போகும் நேர்ப்புள்ளிக் கோலத்தில், வரிசை எண்ணிக்கைக்கும் வரிசைக்குள் இருக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான் நூல்களின் எண்ணிக்கை. 3-க்கு 4 என்றால் ஒன்று. 4-க்கு 6 என்றால் இரண்டு. 5-க்கு 5 என்றால் ஐந்து. எத்தனை நூல் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்பப் புள்ளி வைப்பது ஆறாம் வகுப்பின் வேலை.

நான்கு, ஐந்து: உருளும் தேர்

ஆடிப்பெருக்குக்குச் சின்னச் சப்பரம் இழுப்பது டெல்டாப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டு. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முடியும்படி இந்த வேலையை வையுங்கள். திருவாரூர் ஆழித் தேரைச் செய்கிறவர் செய்யட்டும். நாகூர்க் கந்தூரி ஊர்வலத்தில் வரும் கப்பல் ரதத்தைச் செய்கிறவர் அதைச் செய்யட்டும். வேளாங்கண்ணித் தேரும் ஆகலாம், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் ஆகலாம். அடிப்பலகையும் சக்கரமும் எல்லோருக்கும் பொது. மேலே என்ன எழுப்புவது என்பது பிள்ளையின் முடிவு.

ஒரு தேருக்கு வேண்டியவை: 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் கெட்டி அட்டை இரண்டு (ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட), 3 மி.மீ. கனமுள்ள மூங்கில் குச்சி 22 செ.மீ. நீளத்தில் இரண்டு, அந்தக் குச்சி தாராளமாகச் சுற்றும் காலிப் பேனாக் குழாய் இரண்டு, பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய 5 செ.மீ. வட்டம் நான்கு, சணல் நூல் ஒரு மீட்டர், மேல் கட்டுமானத்துக்கு ஈர்க்குச்சி, பாக்குமட்டை, வாழைநார், வண்ணத்தாள்.

1. செருப்பு வட்டங்களை ஆசிரியரோ பெரிய வகுப்பு மாணவரோ முந்தின நாளே வெட்டி வையுங்கள். பிள்ளைகள் கையில் பிளேடு கூடாது.

2. வட்டத்தைத் தாளில் வரைந்து வெட்டி நான்காக மடித்தால் மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். தாளை ரப்பர் மேல் வைத்து மையத்தில் ஊசியால் குறி போட்டுக்கொள்ளட்டும். அந்தக் குறியில் ஆசிரியர் துளை போடலாம்.

3. பேனாக் குழாய்களை அட்டையின் அடியில், முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக, ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி, ஒன்றுக்கொன்று இணையாக நூலால் கட்டி ஒட்டுங்கள்.

4. குச்சியைக் குழாயில் விட்டு, இரண்டு பக்கமும் சக்கரம் செருகி, சக்கரத்துக்கு வெளியே ஒரு சொட்டுப் பசை.

5. மேலே எதுவும் கட்டுவதற்கு முன் வண்டியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் நேராக ஓடினால்தான் அடுத்த கட்டம்.

வண்டி ஓடாததற்குக் காரணங்கள் எப்போதும் சிலவேதான். குச்சியையே அட்டையில் ஒட்டியிருப்பார்கள், அப்போது சக்கரம் சுற்றாது. துளை மையம் தப்பியிருந்தால் வண்டி நொண்டும். இரண்டு குழாயும் இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். பேனாக் குழாய் கிடைக்காமல் பப்பாளி இலைக் காம்பு வைத்தால் அன்றைக்கு நன்றாக ஓடும், இரண்டு நாளில் காம்பு வாடிச் சுருங்கி அச்சைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தை அட்டையில் வெட்டினால் மூன்று அட்டையாவது சேர்த்து ஒட்ட வேண்டும், ஒற்றை அட்டை அச்சில் நிமிர்ந்து நிற்காது.

கோபுரத்தின் உயரம் அட்டையின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்குள், அதாவது 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். இழுக்கும் கயிற்றை அச்சின் மட்டத்தில் கட்டுங்கள். அழகுக்காக மேலே கட்டினால் முதல் இழுப்பிலேயே தேர் குப்புற விழும். விழட்டும் என்று விட்டுவிட்டு, "ஏன் விழுந்தது?" என்று கேட்பதும் நல்ல பாடம்தான். அதற்கு ஒரு பாடவேளை மிச்சம் வைத்திருங்கள்.

பொங்கலையொட்டி இதே வகுப்புகளுக்கு நெட்டி மாலை வைக்கலாம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டும் மாலைதான். நெட்டித் தண்டைப் பெரியவர்கள் விரற்கடை நீளத்துக்கு நறுக்கித் தந்தால், சாயத்தில் முக்கிக் காயவைத்துத் தாழை நாரிலோ நூலிலோ கோப்பது பிள்ளைகள் வேலை. நிறம் அடுக்கும் ஒழுங்கை அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஈராசிரியர் பள்ளியில்

ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளிக்கு ஐந்து திட்டம் போட முடியாது, போடவும் வேண்டாம். ஒரே வாளி மண்ணில் ஒரு குளம் செய்யுங்கள். ஒன்றும் இரண்டும் மீன், நண்டு, வாத்து உருட்டட்டும். மூன்று, கரையில் நிற்கும் மரங்களையும் படித்துறையையும் செய்யட்டும். நான்கும் ஐந்தும் ஊர்க் குளத்தைப் போய்ப் பார்த்து, காலடியால் அளந்து, பத்து அடிக்கு ஒரு விரற்கடை என்ற கணக்கில் கரையைப் போடட்டும். வாய்க்கால் எந்தப் பக்கம் வந்து சேருகிறது, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலிங்கு எங்கே என்பதும் அவர்கள் பொறுப்பு. பெரியவர்கள் கரை போட்டு முடித்த பிறகுதான் சின்னவர்களின் மீனை இறக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் நசுங்கும்.

ஆறு முதல் எட்டு வரை: சாயாத பொம்மை

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் இரண்டு வகை உண்டு. கீழ்ப்பகுதி உருண்டையாகக் கனத்து, தள்ளினால் சாய்ந்து நிமிரும் ராஜா ராணி ஒரு வகை. தலை, உடல், பாவாடை தனித்தனியாகக் கம்பியில் நின்று ஆடும் நடனப் பொம்மை இன்னொன்று. பள்ளிக்கு முதல் வகை பொருந்தும். எடையைத் தாங்களே சரிசெய்து பார்க்க வேண்டிய வேலை என்பதால் ஏழு, எட்டாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும். ஆறாம் வகுப்பு அதற்கு முன்தயாரிப்பாக மண்ணின் சுருக்கத்தை அளக்கட்டும். ஈரத் தட்டில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிக் காயவைத்து மறுபடி அளந்தால் 9 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும். மணல் சேர்த்த மண்ணில் சுருக்கம் குறையும். இந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி வையுங்கள், ஏழாம் வகுப்பு அதைப் பார்த்துத்தான் கலவை போட வேண்டும்.

அடிப்பாகத்துக்குக் கொட்டாங்குச்சியில் கண் இல்லாத பாதி. வெளிப்பக்கம் நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க வேண்டும். ஒரு சின்ன முண்டு இருந்தாலும் பொம்மை அங்கே போய் நின்றுவிடும். உள்ளே அடியில் 150 முதல் 200 கிராம் மணல் கலந்த மண்ணை அழுத்துங்கள். ஓடு நிறைய வேண்டாம். எடை எவ்வளவு கீழே நிற்கிறதோ அவ்வளவு வேகமாக நிமிரும்.

மேலுடம்பு காகிதக்கூழ். நான்கு பொம்மைக்குப் பத்து முழுத் தாள் செய்தித்தாள். கிழித்து ஓர் இரவு ஊறவைத்து, உரலில் இடித்து, பிழிந்து, ஒரு டம்ளர் கெட்டிப் பசை சேர்த்துப் பிசையுங்கள். தஞ்சாவூரில் பொம்மை செய்பவர்கள் மரவள்ளிக்கிழங்கு மாவு சேர்ப்பார்கள். கிடைத்தால் மைதாவுக்குப் பதில் அதையே காய்ச்சிக்கொள்ளலாம். கூழைக் கெட்டியாக உருட்டி வைக்கக் கூடாது. அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஓட்டின் வாயில் பொருத்தி, அதன்மேல் அரை செ.மீ. கனத்துக்கு மட்டும் பூச வேண்டும். தலைக்கு உள்ளே கசக்கிய தாள் உருண்டை போதும்.

இங்கே பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில். ஈர மண் வைத்தவுடன் தட்டிப் பார்த்தால் பொம்மை அருமையாக நிமிரும். ஒரு வாரம் கழித்துக் காய்ந்ததும் சாய்ந்து கிடக்கும். மண்ணில் இருந்த தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு எடையையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கும். மண் சுருங்கிக் கொட்டாங்குச்சியை விட்டுப் பிரிந்து உள்ளே உருளவும் செய்யும். ஆகவே அடிப்பாகத்தை முதலில் தனியாகக் காயவையுங்கள். சுருங்கி விழுந்த இடைவெளியில் பெவிக்கால் கலந்த மண் குழம்பை ஊற்றி மறுபடி காயவையுங்கள். அதன் பிறகே கூம்பு. கூழ் காய்ந்த பிறகும் சாய்ந்தால் தலையைக் குறைக்கச் சொல்லுங்கள், எடையைக் கூட்டாதீர்கள். பெரிய தலைதான் பெரும்பாலும் காரணம்.

சுண்ணாம்புத் தூள் பூச்சு ஒன்று கொடுத்துக் காய்ந்ததும் வண்ணம் தீட்டலாம். ராஜா ராணிதான் வேண்டும் என்று இல்லை. நடவு நடும் அம்மா, கட்டுமரக்காரர், பள்ளிச் சமையல் அக்கா என்று யாரையும் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு: கடுக்காயும் துருவும்

கலம் என்னும் மூங்கில் பேனாவால் துணியில் வரையும் கருப்பூர்க் கலம்காரி இந்த மண்ணின் கலை. தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் செய்கிறார்கள். கோயில் விதானமும், தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பையும் இந்தத் துணியில் வருபவை. அந்தக் கறுப்புக் கோடு எப்படி வருகிறது என்பதை வேதியியல் பாடத்தோடு சேர்த்து ஒன்பதாம் வகுப்பில் செய்யலாம். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. தனித்தனியாக இருந்தால் ஒன்று வெளிர்மஞ்சள், மற்றொன்று துருப்பிடித்த பழுப்பு.

முதலில் இரும்புத் தண்ணீரைப் போட்டுவிடுங்கள், அதற்கு நாள் பிடிக்கும். துருப்பிடித்த ஆணி அரைக் கிலோ, வெல்லம் 200 கிராம், தண்ணீர் 2 லிட்டர், மண் பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ. வாயைத் துணியால் மட்டும் கட்டுங்கள். புளிக்கும்போது காற்று வெளியேற வேண்டும், இறுக்கி மூடக் கூடாது. வெயில் காலத்தில் 15 முதல் 20 நாளில் தயாராகும்.

துணிக்குக் காடா (வெளுக்காத பருத்தித் துணி), 90 செ.மீ. அகலத்தில் மூன்றரை மீட்டர். முப்பது பேருக்கு 30 செ.மீ. சதுரம் ஒவ்வொன்று வரும், சுருங்குவதற்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, கஞ்சி முழுவதும் போகும்வரை அலசுங்கள். கஞ்சி மிச்சம் இருந்த இடத்தில் கடுக்காய் ஏறாது, கோடு அங்கே திட்டுத்திட்டாக நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கடுக்காய்த் தூள் 100 கிராம், காய்ச்சாத கெட்டிப் பால் அரை லிட்டர். முப்பது துணிக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அரை மணி ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் விரித்துக் காயவையுங்கள். பாலின் கொழுப்புத்தான் கோடு பரவாமல் பிடிக்கிறது. எனவே நீர்த்த பால் உதவாது. காய்ந்த துணியைச் செய்தித்தாளில் சுற்றி எறும்பு வராத இடத்தில் வைத்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

கலம் செய்ய, ஒரு சாண் மூங்கில் சிம்பைக் கூராகச் சீவி, முனையிலிருந்து 3 செ.மீ. மேலே கம்பளித் துணித் துண்டைச் சுற்றி நூலால் கட்டுங்கள். துணி சாயத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும். விரலால் அழுத்தினால் முனைக்கு இறங்கும். எதை வரைவது? வீட்டில் புழங்கும் வேலைச் சாமான் ஒன்றை முதலில் நேரில் பார்த்துத் தாளில் வரைந்துவரச் சொல்லுங்கள். மரக்கால், முறம், பறி, அருவாள். பிறகு கரித்துண்டால் துணியில் மெல்லிய கோடு, அதன்மேல் கலம்.

இரும்புத் தண்ணீரை வடிகட்டி, துணித் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உடனே கறுக்கத் தொடங்கினால் சரி. பழுப்பாகவே நின்றால் துணியில் கடுக்காய் போதவில்லை, அல்லது தண்ணீர் இன்னும் புளிக்கவில்லை. எது என்று தெரிந்துகொள்ளக் கடுக்காய்த் தூளில் நேராக ஒரு சொட்டு விடுங்கள். தூள் கறுத்தால் குறை துணியில். கோடு பரவினால் பால் குறைவு, அல்லது துணி முழுதாகக் காயவில்லை. வரைந்த மறுநாள் நிறையத் தண்ணீரில், துணியை மடிக்காமல் விரித்தபடி அலச வேண்டும். மடித்து முக்கினால் மிச்ச இரும்பு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக் கறையாகும். சரியாக அலசாமல் விட்டால் பல மாதம் கழித்துக் கோடு இருந்த இடத்தில் துணி இற்றுப்போகும். கையில் படும் கறை சில நாள் போகாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சீருடைமேல் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வரட்டும்.

பத்து

பொதுத்தேர்வு ஆண்டு. ஒரே ஒரு வேலை, அதுவும் முதல் பருவத்தில். திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்து மேற்கூரையில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசையாகத் தீட்டப்பட்டு, காட்சிக்குக் கீழே தமிழில் குறிப்பும் எழுதப்பட்டிருக்கிறது. அதே முறையில் ஊரின் ஒரு நாளை அல்லது ஒரு வெள்ளத்தை நான்கு சார்ட் தாளை நீளவாக்கில் ஒட்டி, படமும் ஒருவரிக் குறிப்புமாகச் செய்யச் சொல்லுங்கள். ஆறு பேர் கொண்ட குழு, ஆறு காட்சி. ஆள்களின் தலை எல்லாக் காட்சியிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்பதை முதலிலேயே ஒரு கோடு போட்டு முடிவு செய்துவிடட்டும். இல்லாவிட்டால் ஒட்டியபின் வரிசை குலைந்து தெரியும்.

பதினொன்று: சுவர்

10 அடிக்கு 6 அடிச் சுவர் ஒன்று போதும். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது தரையிலிருந்து மூன்று அடிக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இது அதிகம். பூத்திருந்தால் அந்த உயரத்துக்கு மேலே படத்தைத் தொடங்குங்கள். எந்த பெயின்டும் அங்கே நிற்காது. பழைய சுண்ணாம்பு வெள்ளையைக் கையால் தேய்த்தால் மாவாக வந்தால் முழுவதும் சுரண்டிவிட வேண்டும்.

வெளிச்சுவர் பிரைமர் 1 லிட்டர், வெளிப்புற எமல்ஷன் வெள்ளை 4 லிட்டர், வெள்ளையில் கலக்கும் நிறமான ஸ்டெய்னர் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு தலா 100 மி.லி. போஸ்டர் கலர் முதல் மழையில் வழிந்துவிடும். பிரைமர் ஒரு நாள் காயட்டும்.

வரைபடத்தை 10 அங்குலத்துக்கு 6 அங்குலத் தாளில் ஓர் அங்குலக் கட்டம் போட்டு வரையுங்கள். சுவரில் காவி தோய்த்த நூல் அடித்து ஓரடிக் கட்டம். 60 கட்டம், 20 பேர் என்றால் ஆளுக்கு மூன்று. கட்டத்துக்குள் தான்தோன்றியாக வரைந்தால் பக்கத்துக் கட்டத்தோடு கோடு சேராது. கோடு கட்டத்தின் ஓரத்தை எங்கே வெட்டுகிறது என்ற புள்ளிகளை எல்லோரும் முதலில் குறித்துவிட்டு, பிறகுதான் உள்ளே இணைக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் முழுச் சுவருக்கும் தேவையான அளவு ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மறுநாள் கலக்கும் நிறம் ஒருபோதும் பொருந்தாது. ஸ்டூலுக்கு மேல் ஏறுவது பெரியவர்கள் மட்டும்.

பன்னிரண்டு, பிறகு பத்திரப்படுத்துதல்

கவின்கலை படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் உண்டு. இந்தச் செய்தி பல வீடுகளுக்குத் தெரியாது, பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் புது வேலை தொடங்காமல், ஆறாம் வகுப்பிலிருந்து செய்தவற்றில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் ஆண்டு, பொருள், அளவு எழுதிக் கோப்பாக்குவதே வேலை. தேர்வு மாணவருடையது. கூடவே தினம் ஒரு பக்கம் நேரில் பார்த்து வரைதல்: கை, செருப்பு, சைக்கிள், ஓடும் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டம்.

இதற்காகவே சின்ன வகுப்பிலிருந்து வேலைகளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தாள்களைச் சுருட்டாமல், இரண்டு கெட்டி அட்டைக்கு இடையில் தட்டையாக, காய்ந்த வேப்பிலையோடு, தரையைத் தொடாத அலமாரியில் வையுங்கள். சுவரை ஒட்டிய அலமாரி என்றால் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை விரித்துக் காற்றாட விடுங்கள். சுடாத மண் பொம்மையையும் காகிதக்கூழ் பொம்மையையும் செப்டம்பர் முடிவதற்குள் படம் எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பள்ளிக் கிடங்கைவிட வீட்டுப் பரண் ஈரம் குறைவு. கண்காட்சிக்கு வேண்டுமென்றால் ஜனவரியில் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம்.